பழைய பிக்கப்பின் டீசல் டேங்க்: ஜூன் மாத நாட்குறிப்பு

09-06-2024, ஞாயிறு

ஆனைமலையிலிருந்து பொள்ளாச்சிக்குத் தேங்காய் ஏற்றிச் சென்ற வண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. மூன்று வாரங்களில் இது மூன்றாவது முறை. மூன்று முறையும் நின்ற விதம் ஒன்றே: முதலில் இழுவை குறைகிறது, ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் சோர்கிறது, பிறகு திணறி அணைந்துவிடுகிறது. பத்து நிமிடம் ஓரங்கட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடவாததுபோல் ஓடத் தொடங்குகிறது.

பார்த்த மெக்கானிக், டீசல் பம்பைக் கழற்றி வேலை செய்ய வேண்டும், 18,000 ரூபாய் ஆகும் என்றார். சூடேறினால் சோர்ந்து, ஆறினால் தேறுகிற தேய்ந்த பம்ப்கள் உண்டு என்பதால் அவர் சொன்னதை முற்றிலும் தவறென்று தள்ள முடியவில்லை. ஆனாலும் 1999-ஆம் ஆண்டு மாமா புதிதாக வாங்கிய இந்த வண்டியின் டேங்க் இன்றுவரை ஒருமுறைகூடக் கழற்றப்பட்டதில்லை என்பது என் மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது.

11-06-2024, செவ்வாய்

செலவில்லாத சோதனைகளை முதலில் செய்தேன். டேங்க் மூடியில் காற்று உள்ளே போக ஒரு சிறு துளை உண்டு. அது அடைத்துக்கொண்டால், டீசல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் ஏற்பட்டு, பம்பால் இழுக்க முடியாமல் போகும். மூடியைத் தளர்த்தி வைத்து ஓட்டினேன். 12 கிலோமீட்டரில் வண்டி நின்றது. ஆகவே குற்றம் மூடியில் இல்லை.

அடுத்து, 10 லிட்டர் கேன் ஒன்றில் புதிய டீசலை நிரப்பிப் வண்டியின் பின்புறச் சரக்குத் தொட்டியில் கயிற்றால் இறுக்கிக் கட்டி, பம்புக்குப் போகும் குழாயையும், மிஞ்சும் டீசல் திரும்பிவரும் ரிட்டன் குழாயையும் அந்தக் கேனிலேயே விட்டு, டேங்கை முழுவதுமாக ஒதுக்கிவிட்டேன். உடுமலை சாலையில் 30 கிலோமீட்டர் ஓட்டியும் ஓரிடத்தில்கூடத் திணறவில்லை. பம்ப் நன்றாகவே இருக்கிறது. பத்து நிமிட ஓய்வுக்கும் காரணம் புரிந்துவிட்டது: ஓடும்போது உறிஞ்சுகுழாயின் முனைச் சல்லடையில் வந்து ஒட்டிக்கொள்ளும் அழுக்கு, என்ஜின் அணைந்ததும் இழுப்பு இல்லாமல் மெல்லக் கீழே உதிர்கிறது, வழி திறக்கிறது.

16-06-2024, ஞாயிறு

டேங்கை இறக்கினோம். பேட்டரி இணைப்பை முதலில் கழற்றினேன். அடியிலிருந்த வடிகால் போல்ட் துருவில் இறுகிப்போய் அசைய மறுத்ததால், கைப்பம்பு வைத்து மேலிருந்து டீசலை எடுத்தோம். வாயால் உறிஞ்சி எடுக்கும் பழக்கம் பட்டறைகளில் இன்னமும் இருக்கிறது. நுரையீரலுக்குள் ஒரு மிடறு போனாலும் ஆபத்து என்பதால் நான் அதற்கு யாரையும் அனுமதிப்பதில்லை. தாங்குபட்டைகளின் நட்டுகளுக்கு முந்தைய இரவே எண்ணெய் விட்டு ஊற வைத்திருந்தும் ஒன்று முறிந்தது. ஜாக்கியின் மேல் பலகை வைத்து டேங்கைத் தாங்கி, மேலே டீசல் அளவைக் காட்டும் கேஜின் வயரையும் இரண்டு குழாய்களையும் விடுவித்து, அங்குலம் அங்குலமாக இறக்கினோம்.

எடுத்த டீசலில் கொஞ்சத்தைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஊற்றித் திண்ணையில் வைத்தேன். அரை மணி நேரத்தில் அது மூன்றாகப் பிரிந்தது. மேலே பொன்னிற டீசல், அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர், இரண்டுக்கும் நடுவில் ரசவண்டலைப் போல ஒரு பழுப்புக் கசடு. பாட்டிலைச் சாய்த்தால் அந்தக் கசடு மட்டும் ஒரு தோலைப்போல் சேர்ந்தே நகர்ந்தது. தண்ணீரும் டீசலும் சந்திக்கும் எல்லையில் வளரும் பாக்டீரியாவும் பூஞ்சையும்தான் அது. அவை தண்ணீரில் குடியிருந்து டீசலைத் தின்று அமிலத்தைக் கழிக்கின்றன. தகடு உள்ளிருந்து அரிக்கப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம். சல்லடையை வெளியே எடுத்தபோது துருச்செதில்களும் இந்தக் கசடும் சேர்ந்து அதன் கண்களை முக்கால்வாசி மூடியிருந்தன.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதற்கு மாமாவிடமே விடை இருந்தது. இருபத்தைந்து ஆண்டுகளாக இந்த வண்டிக்கு ஒரு தடவைக்கு முந்நூறு ரூபாய்க்கு மேல் டீசல் போட்டதில்லை என்று அவர் பெருமையாகச் சொன்னார். எப்போதும் முக்கால் பங்கு காலியாகக் கிடக்கும் டேங்கில் ஈரக்காற்று நிறையும். இரவில் தகடு குளிர்ந்ததும் அந்த ஈரம் உட்சுவரில் வியர்த்து, டீசலைவிடக் கனமானதால் அடியில் போய்த் தங்கும். கோயிலுக்கு உண்டியல் சேர்ப்பதுபோல் சொட்டுச் சொட்டாகச் சேர்த்திருக்கிறோம்.

18-06-2024, செவ்வாய்

எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும்வரை எந்த அமிலமும் துருவைத் தொடாது. ஆகவே முதலில் சோப்புத்தூள் கரைத்த வெந்நீரை ஊற்றி, இரண்டு மீட்டர் நீள இரும்புச் சங்கிலியை உள்ளே இறக்கி, நானும் பண்ணையாள் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூளி ஆட்டுவதுபோல் ஆட்டினோம். இதற்கு ஜல்லியைப் போடுகிறவர்கள் உண்டு. ஜல்லியில் ஒன்றிரண்டு உள்ளே தங்கிவிட்டாலும் தெரியாது; சங்கிலியோ போன முழுமையோடு வெளியே வந்துவிடும்.

துருவுக்கு மாமா சொன்ன மருந்து புளி. பித்தளை அண்டாவுக்கு அது போதும், ஐம்பது லிட்டர் டேங்குக்கு எத்தனை கிலோ புளி கரைப்பது என்று கேட்டேன். "மாப்பிள்ளை, உங்க எலுமிச்சை உப்பு மட்டும் என்ன, மரத்திலயா காய்க்குது?" என்றார். 40 லிட்டர் தண்ணீருக்கு 2 கிலோ எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்), அதாவது 5 சதவீதக் கரைசல், கலந்து ஊற்றினேன். இரும்பும் அமிலமும் சேரும்போது ஹைட்ரஜன் வாயு வரக்கூடும் என்பதால், வாயை மூடாமல் கொட்டகைக்கு வெளியே வைத்தேன்.

20-06-2024, வியாழன்

ஒன்றரை நாள் ஊறிய கரைசல் பச்சையும் மஞ்சளும் கலந்த நிறத்தில் வெளிவந்தது. அதை வாஷிங் சோடாவால் முறித்து, தென்னைகளுக்கு எட்டாத இடத்தில் குழிதோண்டி ஊற்றினோம். டேங்கையும் சோடா நீரால் அலசி, வெயில் இல்லாததால் ஊதுபத்தியின் புகைகூடப் பக்கத்தில் வராதபடி மின்விசிறிக் காற்றிலேயே உலர்த்தினோம். உட்புறம் சாம்பல் நிற இரும்பாக, பார்க்கவே மகிழ்ச்சியாக இருந்தது.

அந்த மகிழ்ச்சி இரவு எட்டு மணி வரைதான் நீடித்தது. விளக்கை அணைத்துவிட்டு, கேஜ் இருந்த துளை வழியாகச் சிறிய எல்.இ.டி. டார்ச்சை உள்ளே இறக்கினேன். தாங்குபட்டை படிந்திருந்த கோட்டிலே ஒளிப்புள்ளிகள் தெரிந்தன. மாமா கண்ணைச் சுருக்கி எண்ணிப்பார்த்து, "கார்த்திகை மீன் ஆறு, இங்க ஏழு இருக்குது" என்றார். பட்டைக்கும் டேங்குக்கும் நடுவே வைத்த ரப்பர் வருடக்கணக்கில் மழைநீரையும் சேற்றையும் பிடித்துவைத்துத் தகட்டை வெளியிலிருந்தும் அரித்திருக்கிறது. அந்த ஏழு துளைகளையும் இத்தனை நாள் அடைத்து வைத்திருந்தது, நான் மெனக்கெட்டுக் கரைத்தெடுத்த துருவேதான்.

21-06-2024, வெள்ளி

ரேடியேட்டர் பட்டறைக்கு டேங்கைக் கொண்டுபோனேன். அங்கிருந்த பெரியவர் பற்றுவைக்க மறுத்துவிட்டார். எவ்வளவு கழுவினாலும் மடிப்புகளுக்குள் தங்கியிருக்கும் எண்ணெய், நெருப்புப் பட்டதும் ஆவியாகிக் காற்றோடு கலந்து வெடிக்கும் என்றும், நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்குக்கே தாம் பயப்படுவதாகவும் சொன்னார். அவர் சொன்னது முழுக்கச் சரி. மேலும் அவர் ஆணி முனையால் துளையின் ஓரத்தை அழுத்தியபோது தகடு காகிதம்போல் உள்வாங்கியது. பற்று பிடிப்பதற்கு அங்கே உலோகமே இல்லை. உள்ளே பூசும் ரசாயனப் பூச்சு ஒன்று கிடைக்கிறது. ஆனால் அது நாளைக்கு உரிந்தால், உரிந்த துண்டு அதே சல்லடைக்குத்தான் போய்ச் சேரும். புதிய டேங்க் என்று முடிவு செய்தேன்.

24-06-2024, திங்கள்

கோவையின் பழைய உதிரிபாகக் கடைகளில் அரை நாள் தேடியதில், கிடைத்த இரண்டு டேங்குகளும் நம்முடையதைவிட மோசமாக இருந்தன. பொள்ளாச்சியிலேயே தகட்டு வேலை செய்யும் ஒருவரிடம் பழையதை அளவுக்குக் கொடுத்தேன். துரு பிடிக்காது என்று துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டில் செய்துதர அவர் முன்வந்தார். வேண்டாம் என்றேன். தகட்டின் மேலுள்ள துத்தநாகம் மெல்ல மெல்ல டீசலில் கரைந்து என்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் வரை போய்ப் படியும். 1.6 மில்லிமீட்டர் கனமுள்ள சாதாரண இரும்புத் தகடு, உள்ளே டீசல் தளும்பாமலிருக்கத் துளையிட்ட ஒரு தடுப்பு, மிகத் தாழ்ந்த மூலையில் வடிகால் போல்ட், டேங்கின் அடித்தகட்டிலிருந்து 15 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கும் உறிஞ்சுகுழாய். கூலியும் பொருளும் சேர்த்து 6,200 ரூபாய்.

28-06-2024, வெள்ளி

குறைந்த அழுத்தத்தில் காற்றடைத்து, பற்றுகளின் மேல் சோப்பு நுரை பூசி, குமிழி வருகிறதா என்று டேங்க் செய்தவர் முன்னாலேயே பார்த்துவிட்டு எடுத்துவந்தேன். புதிய ரப்பர், புதிய குழாய்கள், புதிய ஃபில்டர். மாட்டுவதற்கு ஒரு மணி நேரம்தான் ஆயிற்று.

ஏர் எடுப்பதற்கு, அதாவது குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்றுவதற்குத்தான் பொறுமை வேண்டியிருந்தது. ஃபில்டர் மேலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்திக் கைப்பம்பை அழுத்திக்கொண்டே இருந்தேன். முதலில் வெறும் காற்று சீறியது. பிறகு நுரையும் டீசலும் துப்பித் துப்பி வந்தன. நாற்பதாவது அழுத்தம் போல் நுரை அடங்கி, கண்ணாடி இழைபோல் ஒரே சீராக டீசல் வழிந்தது. நாசில் நட்டுகளைத் தளர்த்திச் செல்ஃப் அடித்து, மிச்சக் காற்றையும் விரட்டி இறுக்கியதும், வண்டி வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு உயிர்பெற்றது.

30-06-2024, ஞாயிறு

எழுநூறு தேங்காயுடன் பொள்ளாச்சிக்குப் போய்த் திரும்பினோம். எங்கும் நிற்கவில்லை. வழியில் பங்கில் நிறுத்தியதும், பழகிய பையன் கேட்காமலே இயந்திரத்தில் முந்நூறு என்று அழுத்தினான். ஃபுல் டேங்க் என்று மாமா சொன்னதை அவன் நம்பாமல் என் முகத்தைப் பார்த்தான். லிட்டர் 92 ரூபாய்க்கு மேல் விற்கும்போது டேங்கை நிரப்புவது மாமாவுக்கு எளிதல்ல. பணத்தை இரண்டு முறை எண்ணிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து பற்று ஓரங்களை விரலால் தடவிப்பார்த்தேன், ஈரமில்லை. ஃபில்டரின் அடித்திருகைத் திறந்ததில் தண்ணீர் ஒரு சொட்டும் வரவில்லை. டேங்க் நிறைந்திருந்தும் கேஜின் முள் மட்டும் முக்காலைத் தாண்டவில்லை. மிதவையின் கம்பியைக் கொஞ்சம் கீழ்நோக்கி வளைக்க வேண்டும். டீசல் பாதியாகக் குறைந்ததும் அதைப் பார்க்க வேண்டும்.