அப்பா அனுப்பும் எண்கள்

நேற்று ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்ததும் வாட்ச் ஆப்பைத் திறந்து அப்டேட் வந்திருக்கிறதா என்று பார்த்தேன். புதிதாக எதுவும் இல்லை என்றது. பிப்ரவரி மாதத்திலிருந்து தினமும் பார்க்கிறேன், தினமும் இதே பதில்தான். ஒரு கைக்கடிகாரத்துக்கு ஏன் இவ்வளவு அலைகிறாய் என்று வீட்டில் கேட்கிறார்கள். அதை ஒருமுறை முழுசாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில், நூல் நூற்கிற ரிங் ஃப்ரேம் மெஷின்களுக்கு மேஸ்திரி. மில்லுக்குள் போகாதவர்களுக்கு அந்தச் சத்தத்தைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் நிற்போம். பக்கத்தில் ஃப்ரேம் பார்க்கும் சைடரிடம் ஒன்று சொல்லவேண்டுமென்றால் காதோடு வாயை வைத்துக் கத்தவேண்டும், இல்லாவிட்டால் கைஜாடை. தரையே அதிரும் இடத்தில் பாக்கெட்டுக்குள் போன் அதிர்வது தெரியவே தெரியாது. போனை வைத்திருக்கலாம், ஆனால் ஃப்ளோரில் வெளியே எடுத்தால் மெமோ. நியாயமான விதிதான், ஓடுகிற மெஷின் பக்கத்தில் கவனம் சிதறக்கூடாது.

அப்பாவுக்கு வயது 68. சின்ன அச்சகம் ஒன்றில் 31 வருடம் கம்பாசிட்டராக இருந்தவர். ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஸ்டிக்கில் தலைகீழாக அடுக்கி, கல்யாணப் பத்திரிகையும் கருமாதிப் பத்திரிகையும் கோர்த்த கை. மூன்று வருடத்துக்கு முன்னால் குரல்வளையில் புற்றுநோய் வந்து, மதுரையில் ஆபரேஷன் செய்து குரல்வளையை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். இப்போது மூச்சு கழுத்துத் துவாரத்தில் வைத்த குழாய் வழியாகத்தான். கழுத்தில் அழுத்திப் பேசுகிற அதிர்வுக் கருவி ஒன்று வாங்கிக் கொடுத்தோம். நேரில் பேசினால் பாதி புரியும், போனில் வெறும் இரைச்சல். அவருக்கும் அது பிடிக்கவில்லை, அலமாரியில் வைத்துவிட்டார்.

அதனால் அப்பா எழுதுகிறார். போனில் ஒற்றை விரலால், தமிழில், நிறுத்தி நிதானமாக. இன்றைக்குவரை ஒரு ஒற்று விட்டு நான் பார்த்ததில்லை. ‘சாப்பிட்டுவிட்டேன். மாத்திரையும் போட்டுக்கொண்டேன். கவலைப்படாதே, தம்பி.’ புள்ளி, கமா எல்லாம் இருக்கும்.

பகலில் வீட்டில் அவர் தனியாக இருப்பார். அவர் எழுதுவது மில்லுக்குள் என் கண்ணில் பட ஒரே வழி வாட்ச்தான் என்று, போன தீபாவளிக்கு முன்னால் 2,800 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். “மெசேஜ் எல்லாம் அப்படியே வரும்ணே” என்றான் கடைப்பையன். வந்தது. மணிக்கட்டில் அதிர்ந்தது. திரும்பிப் பார்த்தால் வரிசையாகக் கட்டம் கட்டமாக நின்றது, ஓர் எழுத்துக்கு ஒரு வெற்றுக் கட்டம். தமிழ் எழுத்துருவே அந்த வாட்ச்சில் இல்லை.

கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன். அடுத்த அப்டேட்டில் இந்திய மொழிகள் வருகின்றன, டிசம்பரில் கிடைக்கும் என்றார்கள். சரி, ஒரு மாதம்தானே என்று இருந்தேன்.

அந்த ஒரு மாதத்துக்குள்தான் அது நடந்தது. கார்த்திகை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்தரை இருக்கும், மூன்றாம் நம்பர் ஃப்ரேமில் நூல் அறுந்துகொண்டே இருந்தது, ஆளும் குறைவு. வாட்ச் அதிர்ந்தது. இரண்டு வரி கட்டம். சாப்பிட்டேன் என்று அனுப்பியிருப்பார் என்று நினைத்தேன். மறுபடி அதிர்ந்தது, மறுபடி கட்டம். டீ இடைவேளைக்கு வெளியே வந்து போனை எடுக்கும்போது நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. ‘குழாயில் சளி காய்ந்து அடைத்துக்கொண்டது. மூச்சு முட்டுகிறது. வா.’ பக்கத்து வீட்டு மதினி துணி காயப்போட மாடிக்கு வந்தவர், ஜன்னலில் அப்பா தட்டுவதைப் பார்த்து ஓடிப்போய், ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தபடி உப்புநீர் விட்டு, குழாயைக் கழற்றிக் கழுவியிருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார், சட்டை முழுக்க ஈரம்.

அன்று சாயங்காலம் நானும் அவரும் ஒரு தாளில் எழுதிவைத்தோம். ஆங்கில எண் வாட்ச்சில் தெரிகிறது அல்லவா. 1 என்றால் உடனே வா. 2 என்றால் சாப்பிட்டாச்சு. 3, மாத்திரை போட்டாச்சு. 4 என்றால் இடைவேளையில் போனைப் பார். தாளை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். வாழ்நாள் முழுக்க எழுத்து கோர்த்தவர், குரலும் போனபின் எழுத்தை மட்டுமே நம்பியிருந்தவர், மறுநாளிலிருந்து எனக்கு எண் அனுப்ப ஆரம்பித்தார்.

டிசம்பரில் இந்தி மட்டும் வந்தது. ஜனவரி என்றார்கள். பிப்ரவரி 9-ஆம் தேதி வந்தது, ராத்திரி பதினொரு மணிக்கு. வாட்ச்சை சார்ஜரில் போட்டு, இன்ஸ்டால் ஆகிற வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். “இப்ப ஏதாவது அனுப்புங்கப்பா” என்றேன். கட்டிலில் இருந்தபடியே அனுப்பினார். ‘பேரன் கேசரி கேட்கிறான். ரவை வாங்கி வா.’

கட்டம் இல்லை. தமிழ் எழுத்து! ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். பிறகு படித்தேன். ‘பரேன் கசேரி’ என்று இருந்தது. ‘ரவை’யில் ஐகாரக் கொம்பு ‘வ’வுக்குப் பின்னால் தனியே அநாதையாக நின்றது.

அப்பா கையை நீட்டினார். வாட்ச்சைக் கழற்றிக் கொடுத்தேன். பழைய ப்ரூஃப் பார்க்கிற லென்ஸை எடுத்துவந்து, ட்யூப் லைட்டுக்குக் கீழே வைத்து வெகுநேரம் பார்த்தார். காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் வாட்ச்சில் தெரிகிறபடியே பென்சிலால் எழுதினார். பிறகு ‘ப’வுக்கு மேலாகத் தொடங்கிக் கொம்புக்குக் கீழாகப் போகிற ஒரு வளைந்த கோடு. அடுத்த சொல்லிலும் அதே கோடு. இடம் மாற்று என்பதற்கு ப்ரூஃபில் போடும் குறி அது. ஓரத்தில் எழுதினார்: ‘கொம்பை முன்னால் வை. அவ்வளவுதான் வேலை.’

அவர் சொன்னது அப்படியே சரி. இதைப் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஈய எழுத்தில் ‘கே’ கோர்க்க வேண்டுமென்றால் கம்பாசிட்டர் முதலில் கொம்பை எடுத்து வைப்பார், பிறகு ‘க’. பழைய தமிழ் டைப்ரைட்டரிலும் அப்படித்தான், கண்ணுக்குத் தெரிகிற வரிசை. கணினியில் எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கிற பொது முறை யூனிகோடு. 1991-இல் வந்த அதன் முதல் பதிப்பிலிருந்தே தமிழ் உண்டு, ஆனால் அதில் வரிசை உச்சரிப்பின்படி: முதலில் ‘க’, பிறகு ஏகாரக் குறி. திரையில் காட்டும்போது அந்தக் குறியைத் தூக்கி முன்னால் வைப்பது மென்பொருளின் வேலை. ‘கொ’ என்றால் குறியை இரண்டாகப் பிளந்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்கவேண்டும். போனில் இது நமக்குத் தெரியாமலே நடக்கிறது. மலிவு வாட்ச்களில் பெரும்பாலும் ஆண்ட்ராய்டு கிடையாது. சிறிய நினைவகத்தில் ஓடும் சிறிய இயங்குதளம், எழுத்துப் படங்களை வந்த வரிசையில் ஒட்டிக்கொண்டே போகும். ஆங்கிலத்துக்கு அது போதும். நமக்குப் போதாது.

நினைவகம் குறைவு என்பது உண்மையான சிரமம்தான், மறுக்கவில்லை. ஆனால் தமிழில் மொத்தம் 247 எழுத்து, கூடக் கொஞ்சம் கிரந்தம். 2000-இல் வந்த விண்டோஸிலேயே லதா எழுத்துருவோடு தமிழ் ஒழுங்காகத் தெரிந்தது. எழுத்தைச் சரியாகக் கோர்த்துத் தரும் ஹார்ஃப்பஸ் என்ற நிரல் இலவசம், நோட்டோ தமிழ் எழுத்துருவும் இலவசம். முழு நிரலும் தாங்காது என்றால், கொம்பை முன்னால் தூக்கிவைக்கிற அளவுக்காவது எழுதிச் சேர்க்க முடியாதா?

காலண்டர் தாளைப் படம் பிடித்து அன்றைக்கே அனுப்பினேன். பதிலாக வந்த மெயிலில் வாட்ச்சை ஃபேக்டரி ரீசெட் செய்யச் சொல்லியிருந்தது. செய்தேன். கொம்பு இருந்த இடத்திலேயே இருந்தது. மறுபடி எழுதினேன், படத்தையும் சேர்த்து. பிரச்சினை தெரிந்ததுதான், ஏப்ரல் கடைசிக்குள் சரிசெய்கிறோம் என்றார்கள். மே மாதம் கேட்டபோது, அப்டேட் பகுதி பகுதியாகப் போய்க்கொண்டிருக்கிறது, உங்கள் முறை வரும் என்று பதில். கொஞ்சம் பேருக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டு மற்றவர்களுக்குக் கொடுப்பது நல்ல முறை. அவசரப்பட்டு எல்லோருக்கும் அனுப்பி எல்லா வாட்ச்சும் செத்துப்போனால் யாருக்கு லாபம்? ஆனால் இதே மாடல் வைத்திருக்கும் மூன்று பேரிடம் கேட்டுவிட்டேன், எங்கள் மில்லில் இரண்டு பேர், தென்காசியில் என் மச்சினன். மூவருக்கும் பிப்ரவரியில் வந்ததுதான் கடைசி. ஜூலைக்குப் பிறகு என் மெயிலுக்குப் பதிலே இல்லை.

தாமதத்தைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். தேதி சொல்லிவிட்டு அந்தத் தேதி போனபின் வாய் திறக்காமல் இருப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வேறு வாட்ச் வாங்கு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். தமிழ் ஒழுங்காகத் தெரிகிற வாட்ச் இருக்கிறது, விலை என் சம்பளத்தில் பாதிக்கு மேல். மாதாமாதம் அப்பாவின் மருந்துச் செலவு இருக்கிறது.

இந்த விவகாரத்தில் அப்பாவுக்கு என்னைவிடப் பொறுமை. போன வாரம் ஒரு பழைய கதை எழுதிக் காட்டினார். 1978-இல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தபோது அவருக்கு 21 வயது. 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. தும்பிக்கை வைத்த பழைய ‘லை’, ‘னை’ எல்லாம் போய், கேஸில், அதாவது ஈய எழுத்துகளை அறை அறையாகப் போட்டுவைக்கும் பெட்டியில், ஏற்கெனவே இருந்த ஐகாரக் கொம்பையே முன்னால் வைத்தால் போதும் என்று ஆனது. ‘பழக்கத்தில் கை பழைய அறைக்கே போகும்,’ என்று எழுதியிருந்தார். ‘முதலாளி அந்த அறைகளைக் காலிசெய்து காகிதம் ஒட்டி மூடிவிட்டார். ஒரே வாரத்தில் கை பழகிவிட்டது.’

அந்தக் காலண்டர் தாள் இப்போது என் மில் லாக்கர் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. கஸ்டமர் கேரிலிருந்து அடுத்து யார் பேசினாலும் மறுபடி அதையே அனுப்புவேன்.

இன்று மதியம் ஒன்றேகாலுக்கு வாட்ச் அதிர்ந்தது. 2. சாப்பிட்டுவிட்டார். கொஞ்ச நேரத்தில் 4. இடைவேளையில் வெளியே வந்து, புளியமரத்தடியில் நின்று போனைத் திறந்தேன். ‘இன்று கத்தரிக்காய்க் குழம்பு. உன் அம்மா வைக்கிற மாதிரியே இருந்தது, தம்பி.’ அனுப்பி ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது.