வறண்ட முகத்துக்கு ஒரு கொரிய டோனர்: டேஜோன் குளிரில் நான் தேர்ந்தெடுத்த விதம்

தென் கொரிய வீடுகளில் குளிர்காலம் முழுவதும் தரை சூடாக இருக்கும். ஒண்டோல் என்று பெயர். தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய்கள் ஓடுகின்றன. வெளியே உறைநிலைக்குக் கீழே இறங்கிய காற்றில் நீராவி மிகக் குறைவு. அந்தக் காற்று அறைக்குள் வந்து 22 டிகிரிக்குச் சூடானதும் அதன் ஈரப்பத அளவு இன்னும் சரிந்துவிடுகிறது. டேஜோனில் நான் தங்கியிருக்கும் ஒற்றை அறையில், ஜனவரி இரவுகளில் ஈரப்பதமானி 30 சதவீதத்துக்குக் கீழே காட்டுவது வழக்கம். தூத்துக்குடியின் கடற்காற்றில் வளர்ந்த எனக்கு, ஆராய்ச்சிப் படிப்புக்காக இங்கே வந்த முதல் குளிர்காலத்திலேயே கன்னங்கள் இறுகிப்போயின. மூக்கின் ஓரங்களில் தோல் உரிந்தது. வாய்விட்டுச் சிரித்தால் எரிச்சல். முகம் கழுவியதும் பூசும் டோனர் என்ற திரவத்தை அதற்கு முன்பு நான் வாங்கியதே இல்லை.

இங்கே அழகுப் பொருள் வாங்க எல்லோரும் போகும் இடம் ஆலிவ் யங். டோனருக்கென்றே ஒரு சுவர் முழுவதும் ஒதுக்கியிருப்பார்கள். அந்தச் சுவரின் முன்னால் நின்றால் எல்லாப் புட்டிகளும் ஒன்றுபோலவே ஈரப்பதம் தருவதாகச் சொல்லும். என்னோடு வந்த ஆய்வகத் தோழி, கொரியப் பெண், ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “துடைக்கவா, ஊறவிடவா?” பஞ்சில் ஊற்றி முகத்தைத் துடைக்கும் டோனர் ஒரு வகை, உள்ளங்கையில் ஊற்றி முகத்தில் தட்டித் தட்டி ஊறவிடும் டோனர் இன்னொரு வகை. துடைப்பதற்கான பலவற்றில் இறந்த செல்களை அகற்றும் அமிலங்கள் இருக்கும், ஏ.ஹெச்.ஏ. (AHA), பி.ஹெச்.ஏ. (BHA), பி.ஹெச்.ஏ. (PHA) என்று முன்பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள். எண்ணெய் வழியும் முகத்துக்கு அவை உதவலாம். ஏற்கெனவே உரிந்துகொண்டிருக்கும் தோலில் அமிலம் பூசுவதில் எந்த நியாயமும் இல்லை. அந்த ஒரு கேள்வியில் சுவரின் பெரும்பகுதி எனக்கு வேண்டாததாகிவிட்டது.

அடுத்து எண்கள். அனுவா நிறுவனத்தின் ஹார்ட்லீஃப் மூலிகை டோனர் 77 சதவீதச் சாறு என்கிறது. ஐ'ம் ஃப்ரம் நிறுவனத்தின் அரிசி டோனர் 77.78 சதவீதம் என்கிறது. பியோங்காங் யூல் நிறுவனத்தின் எசன்ஸ் டோனரில் ஆஸ்ட்ரகலஸ் என்ற மூலிகையின் வேர்ச் சாறு 91.3 சதவீதம். இந்த எண்களை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அவை எதை அளக்கின்றன என்று யோசிக்க வேண்டும். தாவரப் பொருளை ஊறவைத்தோ காய்ச்சியோ எடுத்த இத்தகைய சாறுகளில் பெரும்பங்கு தண்ணீர்தான். வழக்கமாகத் தண்ணீர் நிற்கும் இடத்தில் இந்தச் சாறு நிற்கிறது, அவ்வளவே. அது இதமானதாக இருக்கலாம். முகத்தில் ஈரத்தைப் பிடித்துவைக்குமா என்பதற்கு அந்த எண்ணில் விடை கிடையாது.

விடை புட்டியின் பின்பக்கத்தில் இருக்கிறது. கொரியாவில் 2008 முதல் அழகுப் பொருள்களில் சேர்ந்துள்ள எல்லா மூலப்பொருள்களையும் அச்சிடுவது கட்டாயம். அதிகம் சேர்ந்தது முதலில் வரும். ஒரு சதவீதமும் அதற்குக் குறைவுமாகச் சேர்ந்தவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். இந்த விதி தெரிந்த பிறகு புட்டியின் முகப்பைப் பார்ப்பதையே நான் நிறுத்திவிட்டேன். பட்டியலைப் படம் பிடித்து, கைப்பேசியில் மொழிபெயர்த்து, ஹ்வாஹே என்ற செயலியில் சரிபார்ப்பேன். மூலப்பொருள்களைப் பிரித்துக் காட்டுவதோடு, நம்மைப் போன்ற சருமம் உள்ளவர்கள் எழுதிய கருத்துகளைத் தனியாகப் படிக்கவும் அதில் வசதி உண்டு. வறண்ட சருமக்காரர்கள் ஜனவரியில் எழுதியவற்றைத்தான் நான் தேடிப் படித்தேன். ஜூலையில், இங்கே மழைக்காலத்தில், எந்த டோனருக்கும் பாராட்டு கிடைத்துவிடும்.

நான் முதலில் தேடியது கிளிசரின். பட்டியலின் முதல் மூன்று நான்கு பெயர்களுக்குள் அது இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். விலை மலிவான, பல காலமாக எல்லோரும் பயன்படுத்தும் பொருள் என்பதாலோ என்னவோ, விளம்பரங்களில் அதன் பெயர் அடிபடுவதில்லை. நீரைப் பிடித்துவைக்கும் வேலையில் அதைவிட நம்பகமானது எனக்குத் தெரிந்து வேறில்லை. பியூட்டிலீன் கிளைக்கால், பீட்டெயின், பாந்தினால் ஆகியவையும் துணைக்கு இருந்தால் நல்லது. நீரைப் பிடித்துவைக்கும் இன்னொரு பொருளான ஹைலூரோனிக் அமிலம் பட்டியலின் கீழே இருப்பதைக் கண்டு அந்தப் புட்டியை ஒதுக்கத் தேவையில்லை. மிகச் சிறிய அளவிலேயே திரவத்தைக் கெட்டியாக்கிவிடும் பொருள் அது, அதிகம் சேர்க்கவும் முடியாது.

விலக்க வேண்டியவற்றில் எனக்கு முதலிடம் நறுமணத்துக்கு. கொரியப் பட்டியலில் ஹ்யாங்ன்யோ என்று இருந்தால் வாசனை சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள். 2020 முதல், ஒவ்வாமை ஏற்படுத்தக்கூடிய 25 வாசனைப் பொருள்கள் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் லினலூல், லிமோனீன் என்று பெயர் சொல்லியே எழுத வேண்டும். வாசனை எல்லோருக்கும் கெடுதல் செய்வதில்லை. வெடித்த தோலுக்கு மட்டும் அது தேவையற்ற சோதனை. இயற்கையான மூலிகை எண்ணெய் என்பதால் மட்டும் அது மென்மையாகிவிடாது. டியர் க்ளேர்ஸ் நிறுவனம் தன் டோனரை நறுமண எண்ணெய்கள் இல்லாமலும் தனியாக விற்கிறது. வாங்கும்போது புட்டியில் அதைக் கவனித்து எடுக்க வேண்டும். ஆல்கஹால் விஷயத்திலும் ஒரு தெளிவு வேண்டும். எத்தனால் பட்டியலின் மேலே இருந்தால் வறண்ட சருமத்துக்கு வேண்டாம். செட்டைல் ஆல்கஹால், செட்டியரைல் ஆல்கஹால் என்று இருப்பவை கொழுப்பு வகை. அவை தோலை மென்மையாக்குபவை. பெயரைப் பார்த்துப் பயந்து நல்ல புட்டியை வைத்துவிட்டு வந்தவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

பட்டியல் வடிகட்டித்தான் தரும். கடைசித் தீர்ப்பு முகத்தினுடையது. கடையில் மாதிரிப் புட்டியைப் புறங்கையில் தேய்த்துப் பார்ப்பதால் தெரிவது அதன் பதம் மட்டுமே. நான் சிறிய புட்டிகளாக வாங்கி, காதுக்குக் கீழே தாடை ஓரத்தில் சில நாள்கள் பூசிப் பார்த்த பிறகே முகம் முழுவதும் பூசினேன். ஒரு நேரத்தில் ஒரே ஒரு புதிய பொருள். இல்லையென்றால் எரிச்சல் எதனால் வந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. கடையில் பலரும் புகழ்ந்த ஒன்று இரண்டாம் நாளே தாடையைச் சிவக்க வைத்தது, நிறுத்தினேன். பியோங்காங் யூல் இதமாக இருந்தது. சேர்மானங்கள் ஏழே என்பது அதன் பலம். ஆனால் அதில் கிளிசரின் இல்லை, என் வறட்சிக்குப் போதவில்லை. டொரிடனின் டைவ்-இன் டோனரில் ஐந்து வகை ஹைலூரோனிக் அமிலம் உண்டு. அக்டோபர், நவம்பரில் அது அருமையாக வேலை செய்தது. டிசம்பர் கடைசியில் அதே புட்டி, அதே முகம். பூசிச் சிறிது நேரத்தில் கன்னம் மீண்டும் இழுத்தது.

காரணம் டோனரில் இல்லை, அறையில் இருந்தது. கிளிசரினும் ஹைலூரோனிக் அமிலமும் நீரைப் பிடித்துவைப்பவை. மேலே மூடி எதுவும் இல்லாமல் 30 சதவீத ஈரப்பதமுள்ள அறையில் விட்டால், கொடியில் போட்ட துணி காய்வதுபோல அந்த நீர் காற்றோடு போய்விடுகிறது. தோலின் வெளிப்படலத்தில் செல்களுக்கு இடையே செராமைடு என்ற கொழுப்பு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் நிறைந்திருந்தால் நீர் வெளியேறுவது குறையும். வறண்ட சருமத்தில் குறைவாக இருப்பதே அந்தப் பூச்சுதான். ஆகவே வறண்ட சருமத்துக்கு டோனரைத் தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது என்பதே என் உறுதியான கருத்து. அதற்கு மேலே என்ன வரப்போகிறது என்பதையும் சேர்த்தே தீர்மானிக்க வேண்டும்.

அதன்பின் தேர்வு எளிதாகிவிட்டது. குளிர்கால இரவுகளுக்கு லனேஜின் க்ரீம் ஸ்கின் போன்ற, பால் நிறத்தில் எண்ணெய்ப் பொருளும் சேர்ந்த டோனர். அதன் மேல் செராமைடு கிரீம். காலையிலும் மற்றப் பருவங்களிலும் தண்ணீரான டொரிடன். முகம் கழுவி, துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் காயும் முன்பே டோனரைத் தட்டிவிடுவேன். டோனரையே ஏழு முறை அடுக்கும் வழக்கம் இங்கே ஒரு காலத்தில் மிகவும் பிரபலம். எனக்கு இரண்டு அடுக்கே போதும். கடைசி அடுக்கு பிசுபிசுப்பாக இருக்கும்போதே கிரீமைப் பூசுவதில்தான் பெரிய வித்தியாசத்தை உணர்ந்தேன். காரத்தன்மை மிகுந்த சோப்பைக் கைவிட்டதும், அறையில் ஒரு ஈரப்பதமூட்டி வைத்து 45 சதவீதத்துக்குக் கொண்டுவந்ததும் அதே அளவுக்கு உதவின. இவ்வளவு செய்தும் வெடிப்பும் அரிப்பும் குறையாதவர்கள் தோல் மருத்துவரைப் பார்ப்பதே சரி. தோல் அழற்சிக்கு டோனர் மருந்தாகாது.

அம்மா தொலைபேசியில், “குளிச்சுட்டு ஈரத்தோட கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவு” என்றார். ஈரத்தின் மேல் எண்ணெய் என்ற அந்த வரிசை முழுக்கச் சரி. கைகால்களுக்கு இன்றும் அதையேதான் செய்கிறேன். முகத்தில் தேங்காய் எண்ணெய் எனக்குப் பருக்களைத் தருவதால் அங்கே கிரீம்.

ஆலிவ் யங்கில் மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களில் பெரிய தள்ளுபடி விற்பனை நடக்கும். குளிர்காலத்துக்கு வேண்டியதை டிசம்பரில் வாங்கிக்கொள்வேன். சென்ற முறை, நான் எனக்கு வாங்கியதையே தங்கை தனக்கும் கேட்டாள். சென்னையில் பகலெல்லாம் குளிரூட்டிய அலுவலகம், இரவு மின்விசிறி மட்டும். பால் நிற டோனர் அந்தப் புழுக்கத்தில் அவளுக்குக் கனமாக இருக்கும் என்று சொல்லி, தண்ணீரானதையும் ஒரு மெல்லிய ஜெல் கிரீமையும் வாங்கி அனுப்பினேன்.