பல்லுக்குக் கிரவுன் போட்டவர்கள் கவனத்துக்கு

கிரவுன், அதாவது பல்லுக்கு மேல் மாட்டும் உறை, சொத்தையாகாது. அதற்குள் இருக்கும் உங்கள் சொந்தப் பல்தான் சொத்தையாகும். ஈறு ஓரத்தில் கிரவுனும் பல்லும் சேரும் மெல்லிய கோடு இருக்கிறதே, அழுக்கு தங்குவது அங்கேதான். வேர் சிகிச்சை செய்த பல்லென்றால் நரம்பு கிடையாது. உள்ளே அரித்துக்கொண்டே போனாலும் வலி காட்டிக்கொடுக்காது. வலிக்கவில்லையே என்று செக்கப்பைத் தள்ளிப்போடாதீர்கள்.

மென்மையான பிரஷை ஈறு பக்கம் 45 டிகிரி சாய்த்து, சின்னச் சின்ன வட்டமாகத் தேயுங்கள். காலையும் இரவும் 2 நிமிடம். அழுத்தித் தேய்த்தால் ஈறு இறங்கி, அந்தக் கோடு வெளியே வந்துவிடும். பிறகு ஃப்ளாஸ், அதாவது பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூல். நூலைப் பல்லோடு அணைத்து வளைத்து, ஈறுக்குச் சற்று உள்ளே வரை மேலும் கீழும் இழுங்கள். தற்காலிகக் கிரவுன் என்றால் நூலை மேலே தூக்காமல் பக்கவாட்டில் உருவுங்கள். தூக்கினால் கழன்று வரும்.

பினாங்கு வெயிலுக்கு ஐஸ் கச்சாங் (சீவிய ஐஸ் இனிப்பு) சாப்பிடுங்கள், ஐஸ் கட்டியை மட்டும் கடிக்காதீர்கள். நாசி கண்டார் என்னும் கறிச்சோற்றில் வரும் எலும்பும் அப்படியே. பீங்கான் கிரவுன் ஓரம் சில்லாகப் பெயரும். இழுத்து ஆற்றிய பால் தேநீரான தே தாரேயை மணிக்கணக்கில் உறிஞ்சினால் சர்க்கரை அந்தக் கோட்டிலேயே ஊறும். குடித்ததும் தண்ணீர் குடியுங்கள். தூக்கத்தில் பல் கடிப்பவர்கள் நைட் கார்டு (இரவில் பல்லில் மாட்டும் பாதுகாப்பு உறை) கேட்டு வாங்குங்கள்.

கிரவுன் கழன்றுவிட்டால் சூப்பர் குளூ வேண்டவே வேண்டாம். சின்ன டப்பாவில் போட்டு ஓரிரு நாளில் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். தாமதித்தால் பக்கத்துப் பற்கள் நகர்ந்து, அதே கிரவுன் பொருந்தாமல் போகலாம்.