வெற்றுச் சரம்தானே?

“பொருந்தாத குரூப் வெற்றுச் சரமாகத்தானே சார் வரும்?” என்று அவர் கேட்டதற்கும், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே நான் “ஆமாம்” என்றதற்கும் இடையில் பத்து விநாடிகூட இருந்திருக்காது. பைத்தான் நிரலில் உரையைத் தேடி மாற்ற எழுதும் கோலத்தை (regular expression) பற்றி, உடன் வேலை செய்யும் அவர் கேட்ட கேள்வி அது. கோலத்தில் அடைப்புக்குறிக்குள் பிடித்துவைக்கும் துண்டுதான் குரூப், ஓர் எழுத்தும் இல்லாத உரைதான் வெற்றுச் சரம். அந்த ‘ஆமாம்’ பொய்யில்லை என்றுதான் இன்றும் எனக்குள் வாதாடிக்கொண்டிருக்கிறேன். பதிலீட்டுச் சரத்தில், அதாவது பொருந்திய இடத்தில் வைக்கும் உரையில், இரண்டாம் குரூப்பைக் குறிக்கும் \2 என்று எழுதியிருந்து அந்த குரூப் பொருந்தாமல் போனால், பைத்தான் 3.5 முதல் அந்த இடம் வெறுமையாகவே விடப்படும். அதற்கு முந்தைய பதிப்புகளில் நிரல் பிழை காட்டி நின்றுவிடும். அந்தப் பழைய தலைவலி ஒழிந்தது என்ற நிம்மதியிலிருந்துதான் என் பதில் வந்தது.

ஆனால் அவர் கேட்டது பதிலீட்டுச் சரத்தைப் பற்றி அல்ல. முகவரிப் பட்டியலின் கதவு எண் பத்தியில் சென்னை வழக்கப்படி 14/7 என்று இருப்பதை “14 (பழைய எண் 7)” என்று மாற்ற வேண்டியிருந்தது. ([0-9]+)(?:/([0-9]+))? என்ற கோலம் சரியானதே. பழைய எண் இல்லாத வீட்டுக்கு \2 வெறுமையாக வந்தாலும் “(பழைய எண் )” என்ற கூடு மிஞ்சும் என்பதால், அவர் சரத்தைக் கைவிட்டு ஒரு ஃபங்ஷன் எழுதியிருந்தார். ஃபங்ஷனுக்குள் அதே குரூப் வெற்றுச் சரமாக வராது. ‘எதுவுமே இல்லை’ என்பதைக் குறிக்கும் ‘None’ என்ற தனி மதிப்பாக வரும். அவரோ வெற்றுச் சரமான '' என்பதோடு ஒப்பிட்டிருந்தார். கூரியர் லேபிள்களில் “14 (பழைய எண் None)” என்று அச்சாகி வந்தது.

அந்த ஒப்பீட்டு வரியை மறுபார்வையில் நானும் பார்த்தேன். நான் கொடுத்த மாதிரிகள் எல்லாவற்றிலும் சாய்கோடு இருந்ததை அவர் கவனித்திருக்கலாம் என்று ஒருநாள் தோன்றும். கொடுத்தவனே கவனிக்கவில்லையே என்று மறுநாள் தோன்றும்.

அதன்பின் கேள்விக்குறியை குரூப்புக்கு உள்ளே தள்ளி, ((?:/[0-9]+)?) என்று எழுதப் பழகிவிட்டேன், அந்த குரூப் எப்போதும் பொருந்தும், எண் இல்லையென்றால் வெற்றுச் சரமே கிடைக்கும். இதிலும் எனக்கு முழுத் திருப்தியில்லை. முதல் கோலத்தின் கடைசி + குறியை * ஆக்கி (?:/([0-9]*))? என்று எழுதியிருந்தால், சாய்கோடு போட்டுவிட்டு எண்ணை எழுத மறந்தவருக்கு வெற்றுச் சரமும், சாய்கோடே போடாதவருக்கு ‘None’-உம் வந்து இருவரையும் பிரித்துக் காட்டியிருக்கும். அந்த ‘None’-ஐத்தான் நான் அழிக்கிறேன். இரண்டையும் ‘ஒன்றுமில்லை’ என்று படிக்கும் பழக்கம் என்னுடையதே தவிர, பைத்தானுடையது அல்ல.

அவர் இப்போதெல்லாம் வாயால் கேட்பதில்லை. நிரலின் நான்கு வரிகளை ஒட்டி, அதன் கீழே கேள்வியை எழுதி அனுப்புகிறார்.