தோட்டத்துக் கோயில் ஏடுகளைச் சுருக்கி அனுப்பிய அனுபவம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் உள்ள ஒரு தோட்டத்துக் கோயிலின் பழைய கணக்குப் புத்தகங்கள், உறுப்பினர் பதிவேடு, திருவிழாப் படங்கள் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி, கோலாலம்பூரிலும் ஜொகூரிலும் இருக்கும் செயலவையினருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. கோப்புகளைச் சுருக்கி ஒரே கட்டாக்கும், இலவசமாகக் கிடைக்கும் 7-ஸிப் மென்பொருளைப் பயன்படுத்தினோம்.

அளவைக் குறைக்கும் வேலை ஸ்கேனரிலேயே தொடங்கிவிடுகிறது. ஏ4 தாள் ஒன்றை 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) வண்ணமாக ஸ்கேன் செய்து, சுருக்காத டிஃப் படக் கோப்பாக வைத்தால் 26 எம்பி. சாம்பல் நிறத்தில் 8.7 எம்பி. வெறும் கறுப்பு வெள்ளையில் 1.1 எம்பிதான். 180 பக்கப் புத்தகம் வண்ணத்தில் 4.7 ஜிபி ஆகிவிடும். ஃபேட் 32 முறையில் அமைந்த பென்டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது. கறுப்பு வெள்ளையில் பென்சில் குறிப்புகளும் ரப்பர் முத்திரையின் ஓரங்களும் மறைந்துவிடுவதால் சாம்பல் நிறத்தையே வைத்துக்கொண்டோம். பழுப்பேறிய தாள் எதிர்பார்த்த அளவு சுருங்காது. வெறும் தாளாகத் தெரிகிற இடத்திலும் புள்ளிக்குப் புள்ளி நிறம் மாறுகிறது. ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருவதைத்தான் மென்பொருளால் சுருக்க முடியும்.

கைப்பேசிப் படங்களில் இதைவிட ஏமாற்றம். அவை இருக்கும் ஜேபெக் ஏற்கெனவே சுருக்கப்பட்ட வடிவம் என்பதால் ஸிப் செய்தாலும் அளவு அப்படியேதான் இருக்கும். இருந்தாலும் ஸிப் செய்வது நல்லது. படமாகப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பினால் அது தரத்தைக் குறைத்துவிடும். ஸிப் கோப்பை ஆவணமாக அனுப்பினால் எடுத்தது எடுத்தபடி போய்ச் சேரும். சுருக்க அளவில் 'ஸ்டோர்' (சுருக்காமல் கட்டுவது) என்பதைத் தேர்ந்தால் நேரமும் மிச்சம்.

அதிகம் படுத்தியது கோப்புப் பெயர்தான். விண்டோஸ் 7-இன் சொந்த ஸிப் வசதி தமிழ்ப் பெயர்களை ஏற்காமல் பிழை காட்டும். 7-ஸிப்பின் 7இசட் வடிவத்தில் இந்தத் தொல்லை இல்லை. அடுத்தது நீளம். விண்டோஸில் முழுப் பாதைக்கும் வழக்கமான எல்லை 260 குறிகள். 'கோ' இரண்டாகவும் 'ஸ்ரீ' நான்காகவும் எண்ணப்படும். பிரிக்கும்போது ஸிப்பின் பெயரில் ஒரு உறை (ஃபோல்டர்) உருவாகி, அதற்குள் அதே பெயரில் இன்னொன்று வரும். கோயிலின் முழுப்பெயரை உறைக்கு வைத்திருந்தால் அது இருமுறை சேர்ந்துவிடும். சுருக்கும்போது எல்லாம் சரியாகவே நடக்கும்; பிரிக்கிறவரிடம்தான் பிழை வரும். பெயரைக் 'கணக்கு_1' என்று குறுக்கிய பிறகு சரியானது.

உறுப்பினர் பதிவேட்டில் அடையாள அட்டை எண்கள் இருப்பதால் அதைத் திறந்தபடி அனுப்பவே கூடாது. ஸிப்பின் பழைய பூட்டு முறை பலவீனமானது, ஏஇஎஸ்-256 என்ற வலுவான பூட்டு முறையைத் தேர்ந்தெடுங்கள். ஸிப்பில் கடவுச்சொல் இருந்தாலும் உள்ளே இருக்கும் கோப்புப் பெயர்களை யாரும் பார்க்கலாம். அவற்றையும் மறைக்க 7இசட் வடிவத்தில் 'என்கிரிப்ட் ஃபைல் நேம்ஸ்' என்பதில் குறியிடவேண்டும். கடவுச்சொல்லைத் தொலைபேசியில் வாயால் சொல்லுங்கள். அதே புலனக் குழுவில் போட்டால் பூட்டியதற்கே அர்த்தமில்லை. பெறுபவரிடம் கணினி இல்லையென்றால் ஆண்ட்ராய்டில் ஸெட்ஆர்கைவர் என்ற செயலி போதும். மின்னஞ்சலில் அனுப்புவதானால் ஒன்றைக் கவனியுங்கள்: இணைக்கும் கோப்பின் அளவு அனுப்பும்போது மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும், அதனால் 15 எம்பியோடு நிறுத்திக்கொள்வது பாதுகாப்பு.

7இசட்டில் ஒரு குறையும் உண்டு. பல கோப்புகளை ஒரே கட்டாகச் சேர்த்துச் சுருக்குவதால் நடுவில் ஓரிடம் பழுதானால் அதற்குப் பின்னே உள்ளவையும் போகும். ஸிப்பில் கோப்புக்குக் கோப்பு தனித்தனி. அதனால் கணக்குகளை ஆண்டுக்கு ஒரு கட்டாகப் பிரித்தோம். பென்டிரைவில் எழுதியதும் அதை மெனுவின் வழியாக முறையாக வெளியேற்றி, வேறொரு கணினியில் செருகி, கோப்பின்மேல் வலது சொடுக்கி 'டெஸ்ட் ஆர்கைவ்' கொடுத்துப் பாருங்கள். பிழையின்றி முடியும்வரை மூல ஸ்கேன்களை அழிக்காதீர்கள்.

தோட்டப் பக்கம் மழை பிடித்தால் இணையம் அறுந்துவிடும். பெரிய கோப்பு பாதியில் நின்றால் முதலிலிருந்து ஏற்றவேண்டியதுதான். 'ஸ்பிளிட் டு வால்யூம்ஸ்' கட்டத்தில் 100எம் என்று எழுதினால் .001, .002 என்று துண்டுகளாகும். எல்லாத் துண்டுகளும் ஒரே உறையில் இருந்தால்தான் .001-ஐத் திறக்க முடியும். ஒன்று வந்து சேராவிட்டால் அதை மட்டும் மறுபடி அனுப்பினால் போதும்.