.202 என்று சிரிப்பதற்கு முன்...

கூடைப்பந்தை விட்டு வந்த மைக்கேல் ஜோர்டான், 1994-இல் பர்மிங்காம் பேரன்ஸ் அணியில் பேஸ்பால் ஆடி .202 பேட்டிங் சராசரி எடுத்ததை, அதாவது ஆயிரத்துக்கு 202 ஹிட் (அடித்துவிட்டுப் பத்திரமாக பேஸ் சேர்வது) என்ற கணக்கை, இன்னும் கேலி பேசுகிறார்கள். எண்களைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள்.

பேரன்ஸ், சிகாகோ வைட் சாக்ஸின் டபுள்-ஏ நிலைப் பயிற்சி அணி. உச்ச நிலையான மேஜர் லீகுக்கு இரண்டே படி கீழே. பள்ளிக்கூடத்தோடு பேஸ்பாலை விட்ட 31 வயதுக்காரரை நேராக அங்கே இறக்கினார்கள். மேலாளர் டெர்ரி ஃப்ரான்கோனா (2004-இல் சாம்பியன் பட்டத்துக்கான பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் 86 ஆண்டுக் காத்திருப்பை முடித்து வைத்தாரே, அவர்தான்).

தொடக்கத்தில் தொடர்ந்து 13 ஆட்டங்களில் ஹிட். அப்போது வந்ததெல்லாம் பெரும்பாலும் ஃபாஸ்ட்பால். பிட்சர்கள் (பந்து எறிபவர்கள்) சுதாரித்துக்கொண்டு கர்வ், ஸ்லைடர் என்று வளைத்துப் போட ஆரம்பித்ததும் திணறிவிட்டார். ஆறடி ஆறங்குல உயரமும் இங்கே சுமைதான்: ஸ்ட்ரைக் ஸோன் (பிட்சர் குறிவைத்து எறிய வேண்டிய பரப்பு) பெரிது, நீளமான கையால் மட்டையைச் சுழற்றிக் கொண்டுவர நேரம் பிடிக்கும்.

கடைசியில் 436 அட்-பேட்டில் (சராசரிக்குக் கணக்காகும் மட்டை வாய்ப்பு) 88 ஹிட், 114 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்). வாக் (நான்கு தவறான எறிகளால் சும்மா கிடைக்கும் பேஸ்) அந்த 436-இல் சேராது. அது தனியாக 51. ஹோம் ரன் மூன்றுதான். ஆனால் ஆர்பிஐ (அவர் மட்டையால் அணிக்கு வந்த ரன்) 51, திருடிய பேஸ் (ஹிட் இல்லாமலே ஓடிப் பிடித்த அடுத்த பேஸ்) 30! 18 முறை பிடிபட்டதையும் சொல்லிவிட வேண்டும்.

அதே ஆண்டு அரிசோனா ஃபால் லீகில், பொறுக்கியெடுத்த இளம் பிட்சர்களுக்கு எதிராக, சராசரி .252.