குரோம் கழுவுநீரைச் சுத்திகரித்த அனுபவம்

கோவையில் நான் வேலை பார்க்கும் பிளேட்டிங் (உலோகப் பூச்சு) பட்டறையில் நிக்கல், குரோம் இரண்டும் ஓடும். சுத்திகரிப்புப் பொறுப்பு என்னிடம் வந்தபோது பூச்சு முடிந்த பொருட்களை அலசிய கழுவுநீர் எல்லாம் ஒரே குழியில்தான் விழுந்தது. சுண்ணாம்பு போட்டுக் கலக்கினால் நிக்கல் படிந்துவிடும், மேலே நிற்கும் தண்ணீரின் மஞ்சள் மட்டும் போகாது. அந்த மஞ்சள்தான் ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோய் தருவது. எத்தனை மூட்டை சுண்ணாம்பு கொட்டினாலும் அது படியாது.

அதனால் முதல் வேலையாக நிக்கல் நீருக்கும் குரோம் நீருக்கும் தனித்தனிப் பைப்புகள் போட்டோம். முதலாளியிடம் செலவுக்கு ஒப்புதல் வாங்குவதுதான் பெரும்பாடு. ஆனால் இதைச் செய்யாமல் வேறு எதைச் செய்தும் பிரயோஜனமில்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

குரோம் நீரின் தனி டேங்கில் கந்தக அமிலம் விட்டு பிஎச்சை (அமில, கார அளவை) 2க்கும் 2.5க்கும் நடுவில் கொண்டுவருவோம். பிறகு சோடியம் மெட்டாபைசல்பைட் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும்; அதுதான் ஆறு இணைதிறன் குரோமியத்தைச் சுண்ணாம்பில் படியக்கூடிய மூன்று இணைதிறன் குரோமியமாக மாற்றும். 1 கிராம் குரோமியத்துக்குக் கணக்குப்படி சுமார் 3 கிராம், நடைமுறையில் அதைவிட அதிகமாகவே பிடிக்கும். கந்தக நெடி மூக்கில் ஏறும், மாஸ்க் இல்லாமல் பக்கத்தில் நிற்காதீர்கள். மஞ்சள் மங்கி நீலப்பச்சை வரும். சரி, முடிந்தது என்று நிறத்தை நம்பிவிடக் கூடாது. ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு வெளியேற்ற வரம்பு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம். அந்த அளவு கண்ணுக்கே தெரியாது. மாதிரியில் டைஃபினைல்கார்பசைடு என்ற சோதனை மருந்தை விட்டுப் பார்ப்பேன். ஊதா வந்தால் இன்னும் மிச்சம் இருக்கிறது, மறுபடி மெட்டாபைசல்பைட்.

அப்புறம்தான் சுண்ணாம்பு. பிஎச் 8.5 பக்கம் குரோமியம் பச்சைச் சகதியாகப் படியும், மிகவும் ஏற்றிவிட்டால் திரும்பக் கரையும். நிக்கலோ 10ஐ ஒட்டிப் போனால்தான் நன்றாகப் படியும். ஒரே குழியில் இரண்டும் சரியாக வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

பக்கத்துப் பட்டறைக்காரர் தன்னுடைய சயனைடு கழுவுநீரையும் நம் டேங்கில் விடலாமா என்று கேட்டார். கூடவே கூடாது என்றேன். அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும், ஆளையே கொன்றுவிடும். சயனைடு நீருக்கு பிஎச்சை 10க்கு மேல் வைத்து, சயனைடைச் சிதைக்க ஹைப்போகுளோரைட் போடும் தனி வழி வேண்டும்.

சகதியை ஃபில்டர் பிரஸில் பிழிந்து, மூட்டை கட்டி, சிமென்ட் தரையில் கூரைக்கு அடியில் அடுக்குகிறோம். ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவுக் குவியல் மழையில் கரைந்து நிலத்தடி நீரைக் கெடுத்தது தெரிந்ததுதானே. 90 நாளுக்குள் அபாயக் கழிவை அனுப்புவதற்கான படிவம் 10 நிரப்பி, கும்மிடிப்பூண்டி நிலநிரப்பு மையத்துக்கு லாரி ஏற்றிவிடுவோம்.